இருபத்தைந்தாம் பக்கம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று விருதுநகரில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சாப்ட்வேர் கம்பெனி என்றதும் புரோகிராம் எழுதுகிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இல்லைங்க, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று புத்தகம் எழுதுகிறேன் என்று சொன்னால், "அட, மிக்ஸி வாங்கினா பெட்டிக்குள்ள ஒண்ணு கெடக்குமே, அதா?" என்பார்கள். அதேதான். பெட்டியோடு சேர்த்துத் தூக்கிப் போடுவீர்களே, அதேதான். இதற்குப் போய் ஒரு ஆளா என்கிற பார்வை ஒன்று பார்ப்பார்கள். நானும் பதிலுக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை எனக்கு விடை தெரியாது. எவ்வளவு சொல்ல வேண்டும்? பொத்தானை அமுக்கு என்று மட்டும் சொன்னால் போதுமா, அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் சொல்ல வேண்டுமா? விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒன்று சொல்லி என்னை மேலும் குழப்பியதுதான் மிச்சம்.

நான் எழுதிய முதல் புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சிவகாசியில் உள்ள அச்சகங்களுக்காக நாங்கள் செய்த ஒரு சாப்ட்வேருக்கு எழுதியது. ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மூன்று மாதம் கழித்து எங்கள் ஸார் ஒரு அச்சகத்துக்குப் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஸார் என்றால் கம்பெனியை நடத்துகிறவர். வியாபாரக் குடும்பம். அவருக்கு எல்லாமே கடைக்கு வருகிற ஆளை வைத்துத்தான் கணக்கு.

"ஏம்மா, உன் புத்தகம் அங்கன எங்க இருக்கு தெரியுமா? மானிட்டருக்கு அடியில. உசரம் பத்தலையாம், கழுத்து வலிக்குதாம். நல்ல கனமா இருக்குன்னு சந்தோசமாச் சொல்றாக."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எழுதுவதையெல்லாம் வெட்ட ஆரம்பித்தேன்.

அப்புறம்தான் பட்டாசு ஆலைகளுக்கான சாப்ட்வேர் வந்தது. எந்த அறையில் யார் யார் வேலை பார்த்தார்கள், எவ்வளவு மருந்து வாங்கினார்கள், எத்தனை பெட்டி முடித்தார்கள் என்று தினமும் பதிய வேண்டும். மருந்து என்றால் இங்கே வெடிமருந்துதான். ஆலைகள் ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும், நெட் வரும், போகும். அதனால் நெட் இல்லாத நேரத்தில் பதிகிற விவரங்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வரிசையில் காத்திருக்கும். திரையின் மூலையில் 'அனுப்பாதவை' என்று சிவப்பில் ஒரு எண் தெரியும். நெட் வந்ததும் ஒவ்வொன்றாக எங்கள் சர்வருக்குப் போய்ச் சேரும். எண் குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகிவிடும். தப்பாகப் பதிந்ததை அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிடப் பக்கத்தில் 'எல்லாம் நீக்கு' என்று ஒரு பொத்தான்.

இதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அதை வைத்து ஆபீஸில் ஒரு சண்டையே நடந்தது.

"யக்கா, இது இல்லாமப் புத்தகமா? உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தானே பயப்படாம இருப்பாக" என்றான் புரோகிராம் எழுதியவன்.

"தெரிஞ்சு என்னலே செய்யப் போறாக? பஸ்ஸுல ஏறுறவுகளுக்கு கியர் பாக்ஸ் எதுக்கு? சர்வரு, வரிசைன்னு போட்டா மூடி வச்சிருவாக. மறுபடியும் மானிட்டருக்கு அடியிலதான் போகும்" என்றார் ஸார்.

இவன் சொல்லும்போது இவன் சொல்வது சரியாகப் பட்டது. அவர் சொல்லும்போது அவர் சொல்வது சரியாகப் பட்டது. நான் அந்தப் பக்கத்தை எடுப்பதும் திரும்பச் சேர்ப்பதுமாக நான்கு நாள் ஓட்டினேன். கடைசியில் முடிவு செய்தது நானும் இல்லை, அவர்களும் இல்லை. புத்தகம் அச்சடிக்கும் சிவகாசி அச்சகத்திலிருந்து போன் வந்தது. "மேடம், இருபத்தஞ்சு பக்கம் வருது. நமக்கு எட்டு எட்டாத்தான் அச்சாகும். இருபத்து நாலுன்னா மூணு எட்டுல முடிஞ்சிரும். ஒரு பக்கத்துக்காக இன்னொரு எட்டு ஏத்தினா ஏழு பக்கம் சும்மா வெள்ளையாக் கெடக்கும். ஒண்ணைக் குறைக்க முடியுமான்னு பாருங்க."

ஒரு நிமிஷத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அப்பாடா என்று இருந்தது.

அச்சங்குளம் பக்கம் இருந்த ஒரு ஆலைக்குத்தான் முதலில் பயிற்சி கொடுக்கப் போனேன். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போன் கூடாது, தீப்பெட்டி கூடாது, செருப்புக்கூடக் கூடாது. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் அறை எண், ஆட்கள் நான்கு, மருந்து இத்தனை கிலோ. அவ்வளவுதான் எழுத்து. ஏன் நான்கு, ஐந்தானால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அங்கே அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனக்கு அந்தச் சுவரைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. பார்த்தாயா, சுருக்கமாக எழுதினால் போதும் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மடச்சி.

ஆபீஸ் வாசலை ஒட்டி இருந்தது. அங்கே கம்ப்யூட்டரில் பதிவு போட ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். பன்னிரண்டாவது முடித்தவள், டைப்பிங் தெரிந்தவள். அவள் வீட்டில் எல்லோரும் முன்பு களையெடுப்பு, அறுப்பு என்று காட்டு வேலைக்குப் போனவர்கள், இப்போது பட்டாசுக்கு வருகிறவர்கள். இவளும் பல வருடம் மருந்து அடைக்கும் அறையில்தான் இருந்திருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு பக்கத்து அறையில் தீப்பிடித்திருக்கிறது. இவளுக்கு மேலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மருந்தைத் தொட்டாலே விரல் நடுங்குமாம்.

"கை நடுங்குறவ மருந்துக்கிட்ட இருக்கக் கூடாது மேடம். எனக்கு மட்டும்னா பரவாயில்ல. கூட மூணு பேரு இருக்காகள்ல. அதைப் பாத்துட்டுத்தான் மொதலாளி இங்கன உக்கார வச்சாக" என்றாள். பிறகு நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே, "இந்தச் சேரு போச்சுன்னா நான் திரும்ப அங்கனதான் போகணும். வேற எனக்கு எங்க போக்கிடம்?" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் கொடுத்த புத்தகத்துக்கு அன்றே பழுப்பு அட்டை போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் நான் போனபோது இருபத்து நான்கு பக்கத்தையும் படித்து முடித்து, பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். என் வாழ்க்கையில் என் புத்தகத்தை முழுதாகப் படித்த முதல் ஆள். கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மேடம், பதினொண்ணாம் பக்கத்துல 'சேமி'யை அமுக்கினா பச்சை டிக் வரும்னு போட்டிருக்கீக. வந்ததுக்கு அப்புறம் அது எங்க போகும்னு போடலையே?"

"அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்மா. பச்சை டிக் வந்தா உங்க வேலை முடிஞ்சுது. அம்புட்டுத்தான்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஸாரின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் நெட் நன்றாக வேலை செய்தது. மூலையில் இருந்த சிவப்பு எண் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. அவள் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரத்தில் ஆலையிலிருந்து போன் வந்தது. முதலாளியே பேசினார். சோதனைக்கு வந்த அதிகாரி, எந்தெந்த நாளில் எந்தெந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். நம் சாப்ட்வேரிலிருந்து அச்செடுத்துக் கொடுத்தால் பாதி நாளில் பாதி அறையில் ஆளே இல்லை. கிடங்கு நோட்டில் மட்டும் அந்த ஆள் இல்லாத அறைகளிலிருந்து பட்டாசு பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்திருக்கிறது. அதிகாரி கேட்டாராம், "உங்க ஆலையில பேய் வேலை பாக்குதா?" என்று. ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒண்ணு உங்க சாப்ட்வேர் கோளாறு. இல்லைன்னா பதிவு போடுற எங்க புள்ள யாரோ சொல்லி எல்லாத்தையும் அளிச்சுப் போட்டிருக்கு. எதுன்னு வந்து சொல்லுங்க" என்றார் முதலாளி.

மறுநாள் மத்தியானமே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நீங்கள் தினமும் என்ன செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். செய்தாள். ஒவ்வொரு அறையாகப் பதிந்தாள். ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் வருகிறதா என்று பார்த்தாள். ஒரு பிசகு இல்லை. மூன்று மணிக்கு நெட் போனது. சிவப்பு எண் ஏறியது. ஐந்து, எட்டு, பதினான்கு. சாயங்காலம் அறைகளில் மிஞ்சிய மருந்தைப் பெருக்கி எடுத்துக்கொண்டு ஆட்கள் குழிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே அது தினசரி வழக்கம். கலந்த மருந்தில் ஒரு சிட்டிகைகூட ராத்திரிக்கு அறையில் தங்கக் கூடாது, அன்றே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே அவள் மவுஸை மூலைக்குக் கொண்டுபோய் 'எல்லாம் நீக்கு' என்பதை அமுக்கினாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. 'ஆம்' என்றாள். பதினான்கு, பூஜ்யமானது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, என்ன செஞ்சீங்க?"

அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். "காலி பண்ணினேன் மேடம். நெதமும் பண்ணுவேனே. பச்சை டிக்குதான் வந்திருச்சுல்ல. அப்புறம் மிச்சம் வச்சுட்டு வீட்டுக்குப் போவலாமா?"

பதினைந்து வருடமாக அந்த வளாகத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவள்தான் அங்கே பொறுப்பில்லாதவள். அவள் சோம்பேறியாக இருந்திருந்தால், அந்த எண்ணைக் கவனிக்காமல் போயிருந்தால், ராத்திரி நெட் வந்து எல்லாம் தானாகச் சர்வருக்குப் போயிருக்கும். பொறுப்பாக இருந்ததால் மாட்டிக்கொண்டாள். இதில் யாரைத் திட்டுவது? நான் என்னைத் திட்டிக்கொண்டேன். வெட்டிய இருபத்தைந்தாம் பக்கம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அந்த நிமிஷத்தில் சத்தியமாக நம்பினேன்.

அடுத்த நாள் முதலாளி அறையில் எல்லோரும் கூடினோம். முதலாளி, எங்கள் ஸார், நான். அவள் கதவோரம் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நெட் இல்லாமல் காத்திருந்த பதிவுகளைத் தினமும் சாயங்காலம் அவளே நீக்கியிருக்கிறாள் என்று நான் விளக்கினேன். ஸார் உடனே, "பொத்தானை அமுக்கச் சொல்லிப் புத்தகத்துல எங்கயும் போடல அண்ணாச்சி. சாப்ட்வேர்ல ஒரு கோளாறும் இல்ல. இது அமுக்கினவுக தப்பு" என்றார்.

பொறுக்கவில்லை எனக்கு. பையில் வைத்திருந்த அந்தப் பக்கத்தை எடுத்து மேஜையில் போட்டேன். "இது முதல்ல புத்தகத்துல இருந்துச்சு ஸார். நான்தான் எடுத்தேன். தப்பு புத்தகத்து மேல." ஸார் என்னை முறைத்த முறைப்பில் என் வேலையே போய்விடும் என்று தோன்றியது. போனால் போகட்டும் என்று இருந்தேன்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பதிவுகள் முதலில் கணினியின் உள் நினைவகத்தில் வரிசைப்படுத்தப்பட்டு, இணைப்பு கிடைத்ததும் சர்வருக்கு மாற்றப்படும், மாற்றம் உறுதியானதும் வரிசையிலிருந்து விலக்கப்படும் என்று போய்க்கொண்டே இருந்தது. "எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல" என்று சொல்லிவிட்டு அதை அவளிடம் நீட்டினார். "நீ படி. இது புத்தகத்துல இருந்திருந்தா அளிச்சிருக்க மாட்டேல்ல?"

அவளுக்குத் தப்பிக்க ஒரு வாசல் திறந்திருந்தது. மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி என் தலையில் விழும், நாற்காலி அவளுக்கு நிற்கும். அவள் நின்றபடியே முழுதும் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"அளிச்சிருப்பேன் மொதலாளி" என்றாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எளுதினவுக நீங்க. இந்தப் பக்கம் இருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காதா?"

நடந்திருக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் இரண்டு தடவை படித்ததைப் பார்த்த பிறகு எனக்கு எல்லாம் கலங்கிப்போயிருந்தது. அவளைவிட அக்கறையாகப் படிக்கிறவர் யார்? அவளுக்கே புரியவில்லை என்றால் அந்தப் பக்கம் எதற்கு? அப்படியானால் நான் எடுத்தது சரியா? சரி என்றால் இந்தப் பெண் ஏன் இங்கே நிற்கிறாள்?

"தெரியலைங்க" என்றேன்.

அதைச் சொன்னதற்கு என்னை நானே மன்னிக்கவில்லை. ஸார் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதிகாரிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். "சரி. சீசன் நேரத்துல இதை வச்சு விளையாட முடியாது. டிகிரி படிச்ச ஆளை ஒண்ணு போடுறேன். நீ நாளையில இருந்து பளைய ரூமுக்கே போயிரு" என்றார்.

"அவங்களுக்குக் கை நடுங்கும்ங்க" என்றேன் நான்.

"அது ஆச்சு ரெண்டு வருசம். இன்னேரம் சரியாப் போயிருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அவளிடம்தான் கோபப்பட்டேன். என் புத்தி அப்படி. "ஏன் அப்படிச் சொன்னீங்க? மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"ரெண்டு வாட்டி படிச்சேன் மேடம். உள்ள வரிசையா நிக்கும், அங்க போவும், இங்க போவும்னு நெறையப் போட்டிருக்கீக. அளிக்காதீகன்னு எங்கயும் போடலையே."

நான் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். சாத்தூர் வரும்வரை பார்த்தேன். உண்மைதான். ஒரு பக்கம் முழுக்க உள்ளே நடப்பதையெல்லாம் எழுதியிருந்தேன், அந்த ஒரு வரியை எழுதவில்லை. அது தோன்றவே இல்லை எனக்கு. காத்திருக்கிற பதிவைப் போய் யார் அழிப்பார்கள் என்று நினைத்திருக்கிறேன். நான்கு நாள் எடுப்பதா சேர்ப்பதா என்று மல்லுக்கட்டிய பக்கத்தில் விஷயமே இல்லை.

புத்தகத்தைத் திருத்தி அடித்தோம். முதல் பக்கத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் இரண்டு வரி போட்டேன்: 'சாயங்காலம் மூலையில் சிவப்பு எண் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அது மருந்து இல்லை, ராத்திரி தங்கலாம், நீக்காதீர்கள்.' ஸார் அதில் எதையும் வெட்டச் சொல்லவில்லை. அதனால் மற்றதெல்லாம் தள்ளிப்போய் இருபத்தைந்து பக்கம் வந்துவிட்டது. ஏழு பக்கம் வெள்ளையாகக் கிடந்தால் கிடக்கட்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன். ஏன் தங்கலாம் என்பதை அந்த வெள்ளைப் பக்கங்களில் ஒன்றில் எழுதலாமா என்று இன்னொரு குழப்பம் வந்தது. எழுதினேன், எடுத்தேன், எழுதினேன். கடைசியில் வெள்ளையாகவே விட்டுவிட்டேன். சரியா என்று கேட்காதீர்கள்.

புதிதாக வந்தவருக்குப் பயிற்சி கொடுக்கத் திரும்பவும் அதே ஆலைக்குப் போனேன். டிகிரி படித்தவர். நான் கொடுத்த புத்தகத்தைத் திறக்காமலேயே டிராயரில் போட்டுவிட்டு, "வீடியோ ஏதும் இல்லையா மேடம்?" என்று கேட்டார். வந்த கோபத்துக்கு, சாப்பாட்டு நேரம் என்று சொல்லி எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

குழாயடியில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். கழுவக் கழுவ வெள்ளியாக வழிந்தது. என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டீகளா மேடம்?" என்றாள். முகத்தில் என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையிலிருந்து புதுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்த இரண்டு வரியை உதடு அசையப் படித்தாள்.

"இம்புட்டுத்தானா மேடம்?"

"ஆமா. இம்புட்டுத்தான்."

அவள் மூடித் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று கொஞ்சமும் இல்லை. தாள் மட்டும் படபடவென்று ஆடிக்கொண்டே இருந்தது.